யுரேனியக் கழிவு மேட்டில் மண்ணரிப்பா? கல்லைக் கொட்டுவதற்கு முன் இதைப் பாருங்கள்

பழைய யுரேனிய ஆலைகளின் கழிவை மூடி வைத்திருக்கும் மேடுகளில் அரிப்பு என்று தகவல் வந்தால் பெரும்பாலானவர்கள் முதலில் கேட்பது "எத்தனை லோடு கல் வேண்டும்?" என்பதுதான். தண்ணீர் எங்கிருந்து வந்தது, எந்த வழியாகப் போனது, போகும்போது எதை எடுத்துக்கொண்டு போனது, இந்த மூன்றுக்கும் பதில் தெரியாமல் கொட்டுகிற கல் காரணத்தை மூடி மறைக்கும், அவ்வளவுதான். அடுத்த மழைக்காலம் முடிந்து போய்ப் பார்த்தால் புதுக் கல்லும் சேர்ந்து இறங்கியிருக்கும்.

அமெரிக்காவின் யூட்டா, கொலராடோ, நியூ மெக்சிகோ பக்கம் இந்த ஆய்வு வேலைக்கு வருகிற நம் ஆட்கள், குறிப்பாக சிவில் படித்துவிட்டுக் களத்துக்குப் புதிதாக வருபவர்கள், திரும்பத் திரும்ப ஒரே கேள்விகளைக் கேட்கிறார்கள். அதனால் கண்ணில் படுகிற அறிகுறியை வைத்தே பிரித்து எழுதுகிறேன். உங்கள் மேட்டில் எது தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடலாம்.

அமைப்பை மட்டும் ஒரு தடவை சொல்லிவிடுகிறேன். அடியில் ஆலைக் கழிவு மணல். அதன்மேல் ரேடான் என்ற கதிரியக்க வாயு வெளியே வராமலும் மழைநீர் உள்ளே போகாமலும் தடுக்க இறுக்கிய களிமண் அடுக்கு. அதன்மேல் ஜல்லியும் மணலும் கலந்த படுகை. எல்லாவற்றுக்கும் மேலே கல் போர்வை. மேல் பரப்பு ஏறக்குறைய தட்டையாக, இரண்டு மூன்று சதவீதச் சரிவில் இருக்கும்; பக்கங்கள் பெரும்பாலும் ஐந்துக்கு ஒன்று, அதாவது ஐந்து அடி தள்ளிப் போனால் ஒரு அடி இறக்கம். 1978-ல் வந்த சட்டத்தின்கீழ் 1983-ல் போட்ட விதி, இந்த மேடு முடிந்தவரை 1000 வருடம், எப்படிப் பார்த்தாலும் குறைந்தது 200 வருடம் தாங்க வேண்டும் என்கிறது. பராமரிப்பை நம்பாமல் தாங்க வேண்டும் என்பதுதான் நோக்கம். ஆகவே ஒவ்வொரு வருடமும் நீங்கள் கை வைத்துச் சரிசெய்துகொண்டிருக்கும் இடம் ஒன்று இருந்தால், அந்த இடத்தின் வடிவமைப்பிலேயே கோளாறு என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

எதையும் தொடும் முன்

கையால் கல்லைப் புரட்டலாம், படுகை ஜல்லியை விரலால் ஒதுக்கலாம். களிமண் தெரிந்ததும் நிறுத்திவிடுங்கள். மண்வெட்டி, ஆகர் (மண்ணில் துளை போடும் கருவி), ஜேசிபி எதுவானாலும் களிமண்ணுக்குள் இறங்குவது உங்கள் அதிகாரத்தில் இல்லை. அதற்குத் தனி அனுமதி, தனி ஆள், கதிர்வீச்சுப் பாதுகாப்பு அலுவலர் எல்லாம் வேண்டும். கதிர்வீச்சை அளக்கும் காமா மீட்டர் கையில் இருக்கட்டும், அந்த இடத்தின் பழைய அளவும் கூடவே இருக்கட்டும். பழைய அளவு இல்லாமல் புது எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு ஒன்றும் சொல்ல முடியாது, ஏனென்றால் கிரானைட் கல்லே கூடக் கொஞ்சம் முள்ளை ஏற்றும்.

போன வருடப் புகைப்படங்களை அச்செடுத்துக் கொண்டுபோங்கள். அதே இடத்தில் நின்று, அதே திசையில், முடிந்தால் அதே நேர வெயிலில் எடுங்கள். நடு மதிய வெயிலில் சரிவில் இருக்கும் குழிகள் கண்ணுக்கே தெரியாது. காலை ஏழு மணிக்கும் சாயங்காலமும் சாய்ந்த வெளிச்சத்தில் நிழல் விழுந்து பளிச்சென்று தெரியும். ஜூலையிலிருந்து செப்டம்பர் வரை அங்கே அடிக்கிற இடிமழைக்குப் பிறகு போவதுதான் நல்லது. மே மாதம் போய் "எல்லாம் நன்றாக இருக்கிறது" என்று எழுதிக் கொடுக்கும் அறிக்கையை நான் பெரிதாக மதிப்பதில்லை.

அறிகுறி: சுற்று வாய்க்காலில் மண் மேவியிருக்கிறது, தண்ணீர் வேறு வழியில் போன தடம் தெரிகிறது

அதிகம் வருவது இதுதான், செலவு குறைவானதும் இதுதான். முதலில் வேலியைப் பாருங்கள். காற்றில் உருண்டு வரும் டம்பிள்வீட் முள்செடிகள் கம்பி வேலியில் வந்து சிக்கி, ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி, இடுப்பளவு உயரத்துக்கு நிற்கும். அதில் மணல் தங்கும். இரண்டு மூன்று பருவம் அப்படியே விட்டால் வேலியே ஒரு கரையாக மாறி, வாய்க்காலுக்குள் போக வேண்டிய தண்ணீரை மேட்டின் பக்கம் திருப்பிவிடும். வெளியூரிலிருந்து வருகிற பொறியாளர் மேட்டைப் பார்த்து மண்டையை உடைத்துக்கொண்டிருப்பார், கோளாறு முந்நூறு அடி தள்ளி வேலியில் இருக்கும்.

வேலி சுத்தமாக இருந்தால் அடுத்துக் குழாய்ப்பாலம். உள்ளே டார்ச் அடித்துப் பாருங்கள். அடைத்திருந்தால் அதன் மேல்புறத்தில் சுள்ளிகளும் மாட்டுச் சாணமும் ஒரே மட்டத்தில் கோடு போட்டது போல ஒதுங்கியிருக்கும், அந்தக் கோடுதான் தண்ணீர் ஏறிய உயரம்.

இரண்டும் சரி, ஆனாலும் வண்டல் சேர்கிறது என்றால் வடிவமைப்பு ஆவணத்தை எடுங்கள். சில வாய்க்கால்களில் வண்டல் படியட்டும் என்றே கூடுதல் ஆழம் விட்டிருப்பார்கள். அந்த அளவுக்குள் இருந்தால் விட்டுவிடுங்கள். தாண்டிவிட்டது என்றால் தூர்வாரலாம், ஆனால் பக்கெட் பல்லால் வழித்தெடுத்தால் அடியில் பதித்த கல்லும் சேர்ந்து வந்துவிடும். பல் இல்லாத பக்கெட், இல்லையென்றால் ஆள் வைத்து வாருங்கள்.

*ஆளைக் கூப்பிட வேண்டிய கட்டம்:* தூர்வாரிய பிறகும் தண்ணீர் நடுவில் நிற்கிறது, அல்லது வாய்க்கால் கரை மேட்டின் பக்கமாக உடைந்திருக்கிறது. அப்போது சர்வேயர் வந்து மட்டம் எடுக்க வேண்டும். வாட்டம் போய்விட்ட வாய்க்காலை எத்தனை தடவை தூர்வாரினாலும் பயனில்லை.

அறிகுறி: கற்கள் உடைகின்றன, உரிகின்றன, பொடியாகின்றன

உடைந்த கல்லைக் கண்டதும் பயப்பட வேண்டாம். கட்டும்போதே டம்பரிலிருந்து கொட்டி, டோசர் ஏறி உடைந்தவை எல்லா மேட்டிலும் இருக்கும். உடைந்த முகத்தைப் பாருங்கள். வெயில் பட்டுக் கறுத்து, பாசி ஏறியிருந்தால் அது பழைய உடைப்பு. உள்ளே புது நிறம் தெரிந்து, துண்டுகள் இன்னும் ஒட்ட வைக்கிற மாதிரி பக்கத்திலேயே கிடந்தால் புதிது.

புதிது என்றால் சுத்தியல். நல்ல கல் கணீர் என்று ஒலிக்கும், சுத்தியல் துள்ளும். கெட்ட கல் பொத்தென்று உள்வாங்கும், சில சமயம் விளிம்பு மாவாகக் கொட்டும். அப்புறம் கல்லை நனைத்து, காயும்போது பாருங்கள்: முகம் முழுக்கக் காய்ந்த பிறகும் வலை வலையாக ஈரக்கோடுகள் தங்கியிருந்தால் உள்ளே மயிர் விரிசல்கள் இருக்கின்றன. பசால்ட் என்ற எரிமலைக் கல்லில் இது அதிகம். கறுப்பாக, கனமாக, பார்க்க உறுதியாக இருக்கும். உள்ளே கனிமம் மாறி வீங்குகிற களிமண்ணாகி இருக்கும். ஈரமும் உறைபனியும் மாறி மாறி வந்தால் சில வருடத்தில் பிளந்துவிடும்.

ஓரிகன் மாநிலத்தின் லேக்வியூ மேட்டில் நடந்தது கிட்டத்தட்ட இதுதான். சரிவில் போட்ட பசால்ட் எதிர்பார்த்ததைவிட வேகமாகச் சிதைய ஆரம்பித்தது. அங்கே உடனே கல்லை மாற்றவில்லை, வருடா வருடம் கல்லின் நடு அளவை எடுத்து அது வடிவமைப்புக்குக் கீழே போகிறதா என்று பார்த்துக்கொண்டு வந்தார்கள். எனக்கு அந்த முறை பிடிக்கும். உடைந்த கல்லின் புகைப்படம் யாரையும் பதற வைக்கும், ஆனால் ஓடுகிற தண்ணீரைத் தாங்கப் போவது மொத்தக் கற்களின் அளவுதான்.

அளப்பது எளிது. ஒரு நாடாவைச் சரிவில் விரியுங்கள். ஒரு அடிக்கு ஒரு தடவை, கீழே பார்க்காமல் விரலை இறக்கி, முதலில் படும் கல்லை எடுங்கள், கண்ணால் தேர்ந்தெடுத்தால் பெரிய கல்லாகவே கையில் வரும். மூன்று அச்சில் நடு அச்சை அளந்து எழுதுங்கள். நூறு கல் எடுத்து வரிசைப்படுத்தினால் ஐம்பதாவது கல் உங்கள் நடு அளவு. இடத்துக்கு ஆணி அடித்து வைத்து அடுத்த வருடமும் அங்கேயே அளங்கள்.

நடு அளவு வடிவமைப்பு வரம்புக்குள் இருக்கிறதா? இருந்தால் குறித்துக்கொண்டு போய்விடுங்கள். விளிம்பில் இருக்கிறதா? மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். அடர்த்தி, நீர் உறிஞ்சல், சோடியம் சல்பேட் சோதனை, லாஸ் ஏஞ்சல்ஸ் தேய்மானம் இவை வழக்கமானவை. உறிஞ்சல் அரை சதவீதத்துக்குள் இருந்தால் நல்ல கல், ஒன்றைத் தாண்டினால் சந்தேகப்படுங்கள். பசால்ட் என்றால் எத்திலீன் கிளைக்காலில் ஊறவைக்கும் சோதனையையும் சேர்த்துக் கேளுங்கள், வீங்கும் களிமண் இருந்தால் அது காட்டிக்கொடுத்துவிடும்.

அமெரிக்க அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையத்தின் 2002 வழிகாட்டியில் இந்த எண்களை எல்லாம் சேர்த்துக் கல்லுக்கு நூற்றுக்கு மார்க் போடும் முறை இருக்கிறது. 80-க்கு மேல் வாங்கினால் கணக்கிட்ட அளவிலேயே போடலாம். 80-க்குக் கீழே எத்தனை மார்க் குறைகிறதோ அத்தனை சதவீதம் பெரிய கல்லாகப் போட வேண்டும். வாய்க்கால், ஈரம் தங்கும் அடிவாரம் போன்ற இடங்களுக்கு 65-க்குக் கீழே போனால் அந்தக் கல் வேண்டவே வேண்டாம். மேல் பரப்புக்கும் பக்கச் சரிவுக்கும் அந்த வெட்டுக்கோடு 50. சரிவில் தேறிய கல் வாய்க்காலில் தேறாது என்பதை டெண்டர் எழுதுகிறவர்கள் அடிக்கடி மறந்துவிடுகிறார்கள்.

*ஆளைக் கூப்பிட வேண்டிய கட்டம்:* நடு அளவு வரம்புக்குக் கீழே, அல்லது வாய்க்கால் கல்லின் மார்க் 65-க்குக் கீழே. இதற்கு மேல் நீரியல் பொறியாளர் வேலை. புதுக் கல்லைப் பழைய கல்லின் மேலேயே போடுவதா, அகற்றிவிட்டுப் போடுவதா என்பதை அவர் சொல்லட்டும், லாரி எந்த வழியாக ஏறுவது என்பதையும் சேர்த்து.

அறிகுறி: மேல் பரப்பில் தண்ணீர் தேங்குகிறது

குட்டை சின்னதா, வருடா வருடம் அதே அளவா? கட்டும்போது விட்ட மட்டக்குறையாக இருக்கலாம். ஓரத்தில் ஒரு குச்சி நட்டு வைத்து அடுத்த மழைக்குப் பாருங்கள்.

பெரிதாகிக்கொண்டே போனால் அடியில் கழிவு அமுங்குகிறது. ஆலை ஓடிய காலத்தில் கழிவைக் குழாய் வழியாகக் குழம்பாகத்தான் குட்டைக்கு விட்டார்கள். கரடுமுரடான மணல் குழாய் வாய்க்குப் பக்கத்தில் தங்கும், நுண்சேறு தூரமாகப் போய்ப் படியும். அந்தச் சேறு நீரை விட்டு இறுக வருடக் கணக்காகும், அதற்குள் மேலே மூடி போட்டுவிட்டால் மூடியும் சேர்ந்து இறங்கும். நியூ மெக்சிகோவின் புளூவாட்டர் மேட்டில் சேறு இருந்த பக்கம் இப்படித்தான் தாழ்ந்து, மழைநீர் தேங்க ஆரம்பித்தது. ஆகவே உங்கள் மேட்டின் பழைய வரைபடத்தில் சேற்றுப் பகுதி எங்கே என்று பாருங்கள். குட்டை அதற்கு நேர் மேலே இருந்தால் பாதி விடை கிடைத்துவிட்டது.

தேங்கிய தண்ணீர் தானாக எதையும் அரிக்காது. நிரம்பினால் எந்த இடத்தில் வழியும் என்பதுதான் விஷயம். முழு விளிம்பிலும் மெல்லிய படலமாக இறங்க வேண்டிய தண்ணீர் ஒரே இடத்தில் வழிந்தால், அதற்குக் கீழே உள்ள சரிவுக் கல் அந்த வேகத்துக்குக் கணக்குப் போட்டதாக இருக்காது. வழியும் இடத்தைக் கண்டுபிடித்து அங்கிருந்து நேர் கீழே அடிவாரம் வரை நடந்து பாருங்கள்.

*ஆளைக் கூப்பிட வேண்டிய கட்டம்:* இரண்டு சர்வேக்களுக்கு இடையில் இறக்கம் தொடர்கிறது, அல்லது வாட்டம் எதிர்ப்பக்கம் திரும்பிவிட்டது. இறக்கம் நிற்கும் முன்னால் மண் கொட்டி நிரப்பாதீர்கள். மேலே ஏற்றும் பாரம் சேற்றை இன்னும் அமுக்கும்.

அறிகுறி: பக்கச் சரிவில் குழி, கல் போர்வை உள்வாங்கியிருக்கிறது

இந்தத் தலைப்பை மட்டும் நிதானமாகப் படியுங்கள், ஏனென்றால் மேலே கல் அப்படியே இருக்கும், ஒரு கல் கூட நகர்ந்திருக்காது, தூரத்திலிருந்து பார்த்தால் ஒரு குறையும் தெரியாது, ஆனால் அடியில் களிமண் போய்க்கொண்டிருக்கும்.

முதலில் சாதாரணக் காரணங்களை ஒதுக்குங்கள். குழி தனியாக, வட்டமாக, சுற்றிலும் கல் இல்லாமல் இருந்தால் யாரோ கல் எடுத்துப் போயிருக்கிறார்கள், ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் மேடுகளில் இது சகஜம். டயர் தடம் போல இரட்டைக் கோடாக இருந்தால் வண்டி ஏறியிருக்கிறது. இரண்டும் இல்லை, குழி சரிவின் போக்கில் நீளமாக, மேலிருந்து கீழாகத் தொட்டி மாதிரி இருக்கிறது, ஒன்றுக்குக் கீழே ஒன்றாக வரிசையாகவும் இருக்கிறது என்றால் தண்ணீர் கல்லுக்கு அடியில் ஓடுகிறது.

அடிவாரத்துக்குப் போங்கள். அந்தக் குழிகளுக்கு நேர் கீழே, கற்களின் இடுக்கில் புதிதாக நுண்மண் படிந்திருக்கிறதா? இருந்தால் அது காற்று கொண்டுவந்ததா, உள்ளிருந்து கழுவி வந்ததா என்று பிரிக்க வேண்டும். காற்று மணல் கல்லின் மறைவுப் பக்கம் மட்டும் குவியும், விரலில் தேய்த்தால் நறநறவென்று இருக்கும், வரிசையில் எல்லா இடத்திலும் இருக்கும். உள்ளிருந்து வந்தது விசிறி வடிவில் ஒரே புள்ளியிலிருந்து பரவியிருக்கும், காய்ந்தால் செதில் செதிலாக வெடிக்கும், நனைத்தால் விரலில் வழவழப்பாக ஒட்டும். மேட்டின் களிமண் நிறமும் அதுவும் ஒன்றாக இருந்தால் சந்தேகத்துக்கே இடமில்லை.

அடுத்து, குழியில் நாலைந்து கற்களைக் கையால் எடுங்கள். படுகை ஜல்லி முழுக் கனத்தில் இருக்கிறதா, அதில் இருந்த மணல் கழுவிப் போய் ஜல்லி மட்டும் மொட்டையாக நிற்கிறதா, அல்லது ஜல்லியே இல்லாமல் கல் நேராகக் களிமண்ணில் உட்கார்ந்திருக்கிறதா? மணல் மட்டும் போயிருந்தால் இது ஆரம்பம். கல் களிமண்ணில் உட்கார்ந்திருந்தால் நிலைமை முற்றிவிட்டது. எடுத்த கற்களை எடுத்த வரிசையிலேயே திரும்ப வையுங்கள்.

ஏன் இப்படி ஆகிறது? பெரும்பாலும் மூன்றில் ஒன்று. படுகை ஜல்லி அந்தக் களிமண்ணுக்கு ஒத்துப்போகாத அளவுக்குக் கரடாக இருக்கும். படுகையில் எடைப்படி 15 சதவீதம் எந்த அளவுக்குக் கீழே வருகிறதோ அந்த அளவு, அடி மண்ணின் 85 சதவீத அளவைப்போல ஐந்து மடங்குக்குள் இருக்க வேண்டும் என்பது பழைய வடிகட்டி விதி. கட்டியபோது எடுத்த சல்லடைப் பதிவு கோப்பில் இருக்கும், அதை எடுத்து ஐந்தே நிமிடத்தில் சரிபார்க்கலாம். இரண்டாவது, மேல் பரப்பிலிருந்து வரும் தண்ணீர் ஓரிடத்தில் கூடி இறங்குகிறது. முந்தைய தலைப்பில் சொன்ன வழியும் இடம் இதற்கு நேர் மேலே இருக்கிறதா பாருங்கள். மூன்றாவது, களிமண்ணே தண்ணீரில் கரைகிற வகை.

மூன்றாவதுக்கு ஒரு சோதனை, செலவே கிடையாது. ஒரு கண்ணாடி டம்ளரில் காய்ச்சி வடித்த தண்ணீர் ஊற்றுங்கள். குழாய்த் தண்ணீர் வேண்டாம், அதில் உள்ள உப்பு முடிவை மாற்றிவிடும். அடிவாரத்தில் படிந்த மண்ணில் ஒரு சின்ன உருண்டை, காமா மீட்டர் சாதாரணம் என்று காட்டினால் மட்டும், மெதுவாக உள்ளே விடுங்கள். உருண்டை இடிந்து குவியலாக உட்கார்ந்து, தண்ணீர் தெளிவாகவே இருந்தால் பரவாயில்லை. உருண்டையைச் சுற்றிப் பால் கலந்த மாதிரி ஒரு மேகம் எழுந்து டம்ளரின் அடி முழுக்கப் பரவினால் அந்த மண் தண்ணீர் பட்டாலே பிரிந்து மிதக்கும் ரகம். அதற்கு வேகமான ஓட்டம் கூடத் தேவையில்லை, கசிவு போதும்.

யூட்டாவில் நவஹோ மக்களின் நிலத்தில் இருக்கும் மெக்சிகன் ஹாட் மேட்டில் இந்த வகைப் பிரச்சினை வந்தது. 1995-ல் கட்டி முடித்த மேடு, மான்யுமென்ட் வேலி ஆலையின் கழிவும் இதற்குள்தான். 2016-வாக்கில் சரிவில் குழிகள் கண்ணில் பட்டன, பார்த்தால் கல்லுக்கு அடியில் ரேடான் தடுப்புக் களிமண் அரிக்கப்பட்டிருந்தது. கட்டி முடித்து இருபது வருடம் கழித்து. தொள்ளாயிரத்துச் சொச்சம் வருட பாக்கியை வைத்துக்கொண்டு வருடத்துக்கு ஒரு தடவை மட்டும் எட்டிப் பார்த்தால் போதுமா என்று கேட்கிறவர்களுக்கு நான் இந்த இடத்தைத்தான் சொல்வது.

*ஆளைக் கூப்பிட வேண்டிய கட்டம்:* படுகை ஜல்லி காணவில்லை, அல்லது டம்ளரில் மேகம், அல்லது குழிகள் வரிசையாக இருக்கின்றன. இதில் ஒன்று இருந்தாலே போதும். புவித்தொழில்நுட்பப் பொறியாளரும் கதிர்வீச்சுப் பாதுகாப்பு அலுவலரும் சேர்ந்து வர வேண்டும். அதுவரை மேல்பக்கத் தண்ணீரைத் திசைதிருப்பி, குழிப் பகுதியை நீர் புகாத விரிப்பால் மூடலாம். குழிக்குள் கல் கொட்டி நிரப்பாதீர்கள். நிரப்பினால் அடுத்து வருகிறவருக்குக் குழி எங்கே இருந்தது என்றே தெரியாது.

அறிகுறி: வெளியே இருந்து ஓடைப்பள்ளம் மேட்டை நோக்கி ஏறி வருகிறது

ஓடையின் தலை, அதாவது செங்குத்தாக இடிந்து நிற்கும் மேல் முனை, ஒவ்வொரு மழைக்கும் கொஞ்சம் கொஞ்சமாக மேல்நோக்கி நகரும். மேட்டைப் பார்த்துக்கொண்டே நடப்பவர் இதைப் பார்க்க மாட்டார். எல்லைக்கல்லைத் தாண்டி வெளியே கால் மைலாவது நடந்து பாருங்கள்.

தலையிலிருந்து மேட்டின் பக்கமாக ஒரே நேர்கோட்டில், சம இடைவெளியில் இரும்புக் கம்பிகளை அடியுங்கள். பெரிய மழைக்குப் பிறகு எத்தனை கம்பி விழுந்தது என்று பார்த்தால் வேகம் தெரிந்துவிடும். பிறகு காரணம்: மாட்டு நடைபாதையா, சாலைக் குழாய்ப்பாலம் ஒன்று தண்ணீரை ஒருமுகப்படுத்தி விடுகிறதா, காட்டுத்தீயில் புதர் எரிந்து போனதா? இவற்றுக்கு வேலியை மாற்றுவது, குழாய் வாயில் கல் தளம் போடுவது, கைக்கு எட்டும் கல்லால் தாழ்வான தடுப்புக் கட்டுவது என்று மலிவான வழிகள் இருக்கின்றன. தடுப்பின் நடு தாழ்ந்தும் இரு முனை உயர்ந்தும் கரைக்குள் புதைந்தும் இருக்க வேண்டும், இல்லையென்றால் தண்ணீர் பக்கவாட்டில் சுற்றிக்கொண்டு புதுப் பள்ளம் வெட்டும்.

கீழே உள்ள பெரிய ஆறே தன் படுகையை ஆழமாக்கிக்கொண்டு போகிறது என்றால் கதை வேறு. நியூயார்க் மாநிலத்தின் வெஸ்ட் வேலியில் அந்த நிலைமைதான். பட்டர்மில்க் ஓடை ஆழமாக வெட்டிக்கொண்டே போக, அதில் சேரும் சிற்றோடைகளும் சேர்ந்து ஆழமாகி, கழிவு புதைத்த பீடபூமியின் விளிம்பைக் குடைகின்றன. அங்கே நாலு தடுப்புக் கட்டினால் கொஞ்ச நாள் தள்ளிப்போடலாம், அவ்வளவே.

அடிவாரத்தில் அகலமாகக் கல் தளம் இருக்கும் மேடுகளில், பள்ளம் வந்து சேர்ந்தால் அந்தக் கல் தானே சரிந்து பள்ளத்தின் முகத்தை மூடிக்கொள்ளும்படி கணக்குப் போட்டிருப்பார்கள். அதனால் அடிவாரக் கல் "வீணாகக் கிடக்கிறது" என்று எடுத்து வேறு இடத்துக்குப் பயன்படுத்தாதீர்கள். கேட்கவே வேடிக்கையாக இருக்கும், ஆனால் அப்படி யோசனை சொல்கிறவர்கள் உண்டு.

*ஆளைக் கூப்பிட வேண்டிய கட்டம்:* பள்ளம் கல் தளத்தைத் தொட்டுவிட்டது, அல்லது ஒரே மழையில் கம்பிகள் வரிசையாக விழுந்தன, அல்லது ஆற்றுப் படுகையே இறங்குகிறது. நதிப் புவியியல் தெரிந்தவர் வேண்டும், சாதாரண ஒப்பந்ததாரர் போதாது.

அறிகுறி: கல் இடுக்கில் செடி, மரம், அல்லது வளை

செடியைப் பார்த்ததும் பிடுங்காதீர்கள். வேர் களிமண்ணுக்குள் போயிருந்தால் பிடுங்கும்போது துளையை நீங்களே திறந்துவிடுகிறீர்கள். தேவையென்றால் தரையோடு வெட்டி, வெட்டுமுகத்தில் களைக்கொல்லி தடவுங்கள்.

தேவையா என்பதே ஒரு விவாதம். பென்சில்வேனியாவின் பரெல் மேட்டில் ஜப்பானியக் களை ஒன்று கல்லை மூடி வளர்ந்து, வேர் களிமண்ணுக்குள் இறங்கி, அந்த இடங்களில் நீர் புகும் தன்மை கூடியது. ஆனாலும் ஆராய்ந்து பார்த்துவிட்டு, செடி வளர்வதால் மேட்டுக்கு ஆபத்து இல்லை என்ற முடிவுக்குத்தான் வந்தார்கள். என் கருத்து: வறண்ட இடத்தில் சின்னப் புதர் இருக்கட்டும், அது தண்ணீரைக் குடித்து வெளியேற்றும். காற்றில் சாயக்கூடிய மரத்தை மட்டும் கணுக்கால் உயரத்திலேயே முடித்துவிடுங்கள். சாயும்போது வேர்க்கட்டியோடு களிமண்ணையும் பெயர்த்துக்கொண்டு வரும்.

வளை என்றால் வெளியே தள்ளிய மண்ணைப் பாருங்கள். மேல் மண் நிறத்தில் இருந்தால் படம் எடுத்துக்கொண்டு போகலாம். களிமண் நிறத்தில் இருந்தால் அன்றைக்கே சொல்லுங்கள்.

அறிகுறி: மண் மூடிய மேட்டில் காற்று மேல் மண்ணை அள்ளிக்கொண்டு போகிறது

கல்லுக்குப் பதிலாகச் செடி வளர்த்த மேடுகளுக்கு மட்டும் இது. தீப்பிடித்து எரிந்த பிறகு வரும் முதல் காற்றுக் காலத்தில்தான் அதிகம். வாஷிங்டன் மாநிலத்தின் ஹான்ஃபோர்ட் அணுக்கழிவு வளாகத்தில் 1994-ல் கட்டிய மாதிரி மூடியில், மேல் ஒரு மீட்டர் மண்ணில் எடையில் 15 சதவீதம் பட்டாணி ஜல்லி கலந்தார்கள். காற்று மேல் மண்ணைக் கொஞ்சம் எடுத்ததும் ஜல்லி வெளிப்பட்டு மீதியைக் காத்துவிடும். 2008-ல் அதில் ஒரு பகுதியை வேண்டுமென்றே எரித்தும் பார்த்தார்கள்.

உங்கள் மேட்டில் மேலே ஜல்லி மட்டும் தெரிந்து மண் இல்லாதது போல இருந்தால், அது கோளாறாக இல்லாமல் வேலை செய்கிற அறிகுறியாகவும் இருக்கலாம். ஜல்லி கலக்காத மேடு என்றால் வைக்கோல் பரப்பி விதை போடுங்கள். ஒரு பருவத்திலும் பிடிக்கவில்லை என்றால் தாவர நிபுணரைக் கூப்பிடுங்கள்.

அறிகுறி: உள்ளூர் மண்ணோடு சேராத நிறத்தில் நுண்மணல், மீட்டரும் ஏறுகிறது

இதற்குச் சோதனை எதுவும் நீங்கள் செய்ய வேண்டாம். சிவப்பு மண் நாட்டில் சாம்பல் நிறத்தில், சீரான அளவில், சர்க்கரை மாதிரி ஒரு மணல் கற்களுக்கு நடுவே கிடந்து, அதன் பக்கத்தில் மீட்டர் பழைய அளவைவிடத் தெளிவாக மேலே காட்டினால், கழிவு வெளியே வந்துவிட்டது என்று வைத்துக்கொண்டுதான் நடக்க வேண்டும். பிறகு இல்லை என்று தெரிந்தால் நல்லது.

தொடாதீர்கள், பையில் எடுக்காதீர்கள். வந்த தடத்திலேயே, காற்று வரும் பக்கமாக விலகுங்கள். தூரத்திலிருந்து படம், ஜிபிஎஸ் எண், மீட்டர் எண், நேரம் நான்கையும் எழுதுங்கள். பூட்ஸை வண்டிக்குள் வைக்கும் முன் மீட்டரால் பாருங்கள். கதிர்வீச்சுப் பாதுகாப்பு அலுவலருக்கு அங்கிருந்தே போன் செய்யுங்கள், சிக்னல் இல்லையென்றால் ஒருவர் காவலுக்கு நிற்க இன்னொருவர் சாலைக்குப் போய்ச் சொல்லுங்கள். அவர் வந்து பார்த்து எழுதிக் கொடுக்கும்வரை அந்தப் பக்கம் வேலி கட்டக்கூட ஆள் அனுப்பாதீர்கள்.